நிழலைத் தொலைத்த ஆடு: பாடங்களை இணைத்து ஓர் அலகு திட்டமிட்ட அனுபவம்

தொடக்கப் பள்ளியில் பாடங்களை இணைத்து நடத்துவது என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: தாவரங்கள் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் ஒரு செடி வரைந்து வண்ணம் தீட்டுவார்கள், நீர்ச் சுழற்சி முடிந்ததும் சார்ட்டில் மேகம் வரைந்து அதன்மேல் பஞ்சு ஒட்டுவார்கள். சுவர் நிறைந்துவிடும், பார்க்க வருகிறவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் பஞ்சு ஒட்டியதால் நீராவி எப்படி மேகமாகிறது என்பது ஒரு பிள்ளைக்காவது கூடுதலாகப் புரிந்ததா? ஓவியத்திலாவது புதிதாக ஏதாவது கைவந்ததா? இரண்டும் இல்லையென்றால் அங்கே எதுவும் இணையவில்லை. பாடம் தனியாக முடிந்தது, கைவேலை தனியாக நடந்தது, அவ்வளவுதான்.

நான் மதுரை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறேன். எங்களுக்கு ஓவிய ஆசிரியர் கிடையாது, அறிவியலுக்கென்று தனி ஆசிரியரும் கிடையாது. எல்லாப் பாடத்துக்கும் நான்தான். பாடங்களை இணைக்க நினைக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. மணி அடித்ததும் அடுத்த ஆசிரியருக்கு வகுப்பை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கணக்குப் பாடவேளையில் தொடங்கிய அளவெடுப்பு தமிழ்ப் பாடவேளைவரை நீண்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

ஓர் அலகைத் திட்டமிடும்போது நான் வைத்துக்கொள்ளும் சோதனை ஒன்றே ஒன்று. அதில் இருக்கும் பாடங்களில் எதையாவது எடுத்துவிட்டால் வேலை நின்றுபோக வேண்டும். ஓவியத்தை எடுத்துவிட்டாலும் அறிவியல் வகுப்பு வழக்கம்போல் நடக்கும் என்றால் அந்த ஓவியம் வெறும் அலங்காரம். கலையில் ஏதோ ஒரு இடத்தில் பிள்ளைகள் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அங்கிருந்து நகர அறிவியல் தெரிந்தாக வேண்டும். தெரிந்ததைச் செய்துபார்க்க ஒரு கருவியோ பொறியமைப்போ கையால் செய்தாக வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடித்தான் நிழலுக்கு வந்தேன். நிழல் என்றதும் தோல்பாவைக்கூத்து தானாக வந்து நின்றது.

மாதம் பார்த்து வைப்பது

இந்த அலகை எந்த மாதத்தில் வைப்பது என்பது முக்கியம். தமிழ்நாடு முழுவதும் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் வருடத்தில் இரண்டு முறை நண்பகலில் சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் வரும். நட்டு வைத்த குச்சிக்கு அப்போது நிழலே இருக்காது. நிழலில்லா நாள் என்று சொல்கிறார்களே, அதுதான். டெல்லியில் இருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. மதுரையில் ஏப்ரல் நடுவில் ஒரு முறை, ஆகஸ்ட் 27, 28ஐ ஒட்டி இன்னொரு முறை. ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு நெருக்கடி. ஆகஸ்டில் முதல் பருவம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட் கடைசியில் முடியும்படி வைத்தேன். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், கன்னியாகுமரியில் இருப்பவர்கள் செப்டம்பர் முதல் இரண்டு நாள்களை ஒட்டியும் வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு மேகம் மூடிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேண்டாம். ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் அந்த நாள்களில் தினம் அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் மாறும். முன்னே பின்னே இரண்டு நாள் தள்ளிப் பார்த்தாலும் பிள்ளைகள் கண்ணுக்கு நிழல் காணாமல்தான் போயிருக்கும்.

தொடக்கத்தில் எதையும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு தாள் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துப் புளியமரத்தையும் அதன் நிழலையும் காலை, நண்பகல், மாலை என்று மூன்று படமாக வரையச் சொன்னேன். இந்தத் தாள்களைப் பத்திரமாக எடுத்துவைப்பது அவசியம், மதிப்பீடே இவற்றிலிருந்துதான் வரும். பலர் சூரியனையும் நிழலையும் மரத்தின் ஒரே பக்கத்தில் வரைந்திருந்தார்கள். ஆளையும் சேர்த்து வரைந்த சிலர் நிழலுக்குக் கண்ணும் மூக்கும் வைத்திருந்தார்கள். நிழல் என்பது வெளிச்சம் விழாத இடம் என்று படித்து ஒப்பிக்கும் பிள்ளைகூட அதை மரத்திலிருந்து கிளம்பி வரும் ஒரு பொருளாகவே மனசுக்குள் வைத்திருக்கிறது. ஒப்பிப்பதைக் கேட்டால் இது வெளியே வராது. வரையச் சொன்னால் உடனே வந்துவிடுகிறது.

அப்புறம் மைதானத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு கம்பு நட்டோம். கம்பு நேராக நிற்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். கொத்தனார் வீட்டுப் பிள்ளை ஒருத்தி அடுத்த நாள் அப்பாவிடம் கேட்டுத் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வாங்கி வந்தாள். தொழில்நுட்பம் என்றதும் நாம் கணினியை நினைக்கிறோம். தொடக்க வகுப்புக்கு அது தூக்குக்குண்டிலிருந்து தொடங்கலாம். நூலில் கட்டிய ஒரு குண்டு ஏன் எப்போதும் நேராகவே தொங்குகிறது என்ற பேச்சு அங்கேயே வந்துவிட்டது.

காலை 10 மணியிலிருந்து மாலை 3 மணிவரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, நிழலின் நுனியில் ஒரு சிறு கல் வைத்துவிட்டு வர வேண்டும். குழு குழுவாக முறை வைத்துப் போனார்கள். நண்பகலை ஒட்டி மட்டும் எல்லோரும் வெளியே. இங்கே இரண்டு விஷயங்கள் பிள்ளைகளை உலுக்கின.

முதலாவது, நிழல் மிகச் சிறிதாக இருந்தது 12 மணிக்கு இல்லை. ஜூலையில் எங்கள் ஊரில் அது கிட்டத்தட்ட 12.23க்குத்தான் நடக்கும். கடிகாரம் தப்பு என்றார்கள். கைக்கணினியில் பார்த்தார்கள், அதுவும் அதே நேரம் காட்டியது. நாம் வைத்துக்கொண்டிருக்கும் மணி, உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கமாகப் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. மதுரை அதற்கு மேற்கே 78 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் சுமார் 18 நிமிடம் நமக்குத் தாமதம். மீதி ஐந்து நிமிடம் பூமி சூரியனைச் சுற்றும் பாதையாலும் அதன் சாய்வாலும் வருவது. அதை ஐந்தாம் வகுப்பில் இழுக்கத் தேவையில்லை. கிழக்கே இருப்பவர்களுக்குச் சூரியன் முதலில் உச்சிக்கு வரும், நமக்குக் கொஞ்சம் கழித்து வரும் என்பதுவரை போதும்.

இரண்டாவது இன்னும் பெரிது. “டீச்சர், நிழல் தெற்கால விழுகுது” என்று ஒரு பையன் கத்தினான். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே நிழல் தெற்கே விழும். ஜூலை நடுவில் ஒரு மீட்டர் கம்புக்கு அது ஏறக்குறைய 20 செ.மீ. டிசம்பர் கடைசியில் அதே கம்பின் நண்பகல் நிழல் வடக்கே 66 செ.மீ. வரை நீளும். இதைப் பெரியவர்களிலேயே பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பந்தயம் கட்டினார்கள். வாசல் எந்தப் பக்கம், எந்தத் திண்ணையில் எந்த மாதம் வெயில் அடிக்கும் என்று தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதி வந்தவை ஒரு தனிக் குறிப்பேடு அளவுக்கு இருக்கின்றன.

அந்தக் கம்பையே கைக்கணினியில் படமெடுத்தோம். மாடித் திட்டின் மேல் அதை அசையாமல் வைத்து, கல் வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு படம். 10 மணியிலிருந்து 3 மணிவரை 61 படங்கள். நொடிக்கு 10 படம் வீதம் ஓட்டினால் ஆறே நொடி. “இவ்வளவு நேரம் வெயில்ல நின்னதுக்கு ஆறு செகண்டுதானா?” என்றார்கள். ஒரு நிமிடப் படம் வேண்டுமென்றால் எத்தனை படம் எடுக்க வேண்டும் என்று அவர்களே கணக்குப் போட்டு 600 என்றார்கள். பெருக்கல், வகுத்தல் பயிற்சிக்கு நான் கேள்வி தயாரிக்கத் தேவையில்லாமல் போனது.

கூத்து வந்த நாள்

ஒரு தோல்பாவைக்கூத்துக் கலைஞரைப் பள்ளிக்கு அழைத்தோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, ஆசிரியர்களும் சேர்ந்து பணம் போட்டு அவருக்குச் சம்பளம் கொடுத்தோம். இதை அழுத்திச் சொல்கிறேன். கலைஞர்களைப் பள்ளிக்கு அழைத்து ஒரு சால்வையோடு அனுப்பிவிடும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. அவர்களுக்கு அது ஒரு நாள் பிழைப்பு. திட்டம் போடும்போதே அவருடைய சம்பளத்துக்கும் வண்டிச் செலவுக்கும் வழி பார்த்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் தோல்பாவைக்கூத்தைத் தலைமுறையாக நடத்துகிறவர்கள் மண்டிகர் சமூகத்தினர். வீட்டில் மராத்தி பேசுவார்கள், திரைக்குப் பின்னால் தமிழில் கதை சொல்வார்கள். இராமாயணமும் நல்லதங்காள் கதையும் அவர்கள் வழக்கமாக நடத்துபவை. ஒரே ஆள் எல்லாப் பாவைகளையும் ஆட்டிக்கொண்டு எல்லாக் குரலிலும் பேசுவார். கோமாளிப் பாவையான உளுவத்தலையன் வந்தால் பிள்ளைகள் சிரிப்பை அடக்கவே முடியாது. பாவை ஆட்டுத் தோலில் செய்தது. தோலைப் பக்குவப்படுத்தி மெல்லியதாக்கி, வரைந்து, வண்ணம் கொடுத்து, நகைகள் வரும் இடங்களில் உளியால் சின்னச் சின்னத் துளைகள் போட்டிருப்பார்கள். விளக்கு வெளிச்சம் அந்தத் துளைகள் வழியே வரும்போது நகை மின்னும்.

வருவதற்கு முன்பே ஐயாவிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தேன். கூத்து முடிந்ததும் பிள்ளைகள் திரைக்குப் பின்னால் வந்து கேள்வி கேட்பார்கள், பதிலை உடனே சொல்லாமல் செய்து காட்டுங்கள் என்று. “அதுக்கென்ன டீச்சரம்மா, காட்டிடுவோம்” என்றார். முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததுதான்: எங்கள் நிழல் கறுப்பாக இருக்கிறது, உங்கள் பாவையின் நிழல் மட்டும் ஏன் கலராக இருக்கிறது? அவர் ஒரு பாவையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். பக்கத்தில் ஒரு அட்டையைப் பிடித்தார். வேறெதுவும் சொல்லவில்லை. அடுத்து, ஏன் பாவையைத் துணியோடு ஒட்டியே பிடிக்கிறீர்கள் என்றது ஒரு பிள்ளை. பாவையைத் துணியிலிருந்து மெல்லப் பின்னால் இழுத்தார். குதிரை பெரிதாகி, ஓரமெல்லாம் கலங்கி, நிறம் வெளிறிப் போனது. மறுபடி துணியோடு சேர்த்தார், குதிரை திரும்பி வந்தது. ஒளியைப் பற்றி ஐந்தாம் வகுப்புக்குத் தேவையான அத்தனை கேள்விகளும் அந்த ஓர் அசைவில் இருந்தன.

மறுநாளிலிருந்து வகுப்பறையே ஆய்வுக்கூடம். நான்கு முழ வேட்டி ஒன்றை இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே மூங்கில் கழியில் கட்டினோம். ஜன்னல்களுக்குச் சாக்கு. விளக்குக்கும் திரைக்கும் இடையே 120 செ.மீ. தூரம் வைத்து, 10 செ.மீ. உயர அட்டைப் பாவை ஒன்றை விளக்கிலிருந்து 60, 40, 30 செ.மீ. தூரங்களில் பிடித்து நிழலை அளந்தார்கள். 20, 30, 40 செ.மீ. என்று வந்தது. தூரம் பாதியானால் நிழல் இரட்டிப்பாகிறது என்பதை ஒருவர் சொல்ல மற்றவர்கள் அளந்து சரிபார்த்தார்கள். எண்களை இப்படி முழுதாக வகுபடும்படி முன்பே தேர்ந்துவைப்பது ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை. 120க்குப் பதில் 130 வைத்தால் தசமப் புள்ளியில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள், ஒளி மறந்துபோகும்.

விளிம்பு ஏன் கலங்குகிறது என்பதற்குத் திரை கூட வேண்டாம். சுவரில் இருக்கும் டியூப் லைட் போதும். ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் பென்சிலை டியூப் லைட்டுக்கு இணையாகப் பிடித்தால் நிழல் கோடு போட்ட மாதிரி விழும். பென்சிலைக் குறுக்காகத் திருப்பினால் நிழல் கரைந்து காணாமல் போகும். விளக்கின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வெளிச்சம் வருகிறது. ஒரு பகுதி போடும் நிழலை இன்னொரு பகுதியின் வெளிச்சம் அழித்துவிடுகிறது. இதைக் கண்டபிறகு, கூத்துக்கு எந்த விளக்கு வேண்டும் என்று கேட்டதும் பிள்ளைகள் கைபேசி டார்ச் என்றார்கள். வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து வருவதால் விளிம்பு கூர்மையாக இருக்கும் என்று காரணமும் சொன்னார்கள்.

ஆடு

கதையைப் பிள்ளைகளே கட்ட வேண்டும் என்பது என் நிபந்தனை. கண்மாய்க் கரையில் மேயும் ஓர் ஆடு உச்சி வெயிலில் தூங்கி எழுந்து பார்க்கிறது, நிழலைக் காணவில்லை. திருடன் யார் என்று தேடிக்கொண்டு காக்காயிடமும் ஆமையிடமும் கடைசியில் புளியமரத்திடமும் போகிறது. மரம் தன் நிழலையும் காலடியில் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்கிறது. நிழலில்லா நாளைக் கதைக்குள் கொண்டுவந்தது முழுக்க அவர்கள் யோசனை.

சரி, இப்போது முட்டிக்கொள்ளும் இடம் வந்தது. நிழற்கூத்தில் ஆடே ஒரு நிழல்தான். அந்த ஆட்டுக்கு ஒரு நிழல் இருக்கிறது, அது போகப் போகச் சுருங்கி மறைகிறது என்பதைத் திரையில் எப்படிக் காட்டுவது? இரண்டும் கறுப்பாக இருந்தால் ஆட்டுக்கு எட்டுக் கால் இருப்பதுபோல் தெரிகிறது. இரண்டு பாடவேளை முழுக்க இதிலேயே போனது. நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கூத்துக் கலைஞர் அட்டையையும் பாவையையும் அருகருகே பிடித்துக் காட்டியதை ஒரு குழு நினைவுபடுத்தியது. ஆடு வெளிச்சம் கசியும் பொருளில், கலராக. அதன் நிழல் மட்டும் வெளிச்சம் புகாத அட்டையில், கறுப்பாக. ஒளி புகும் பொருள், அரைகுறையாகப் புகும் பொருள், புகாத பொருள் என்று புத்தகத்தில் ஒரு பட்டியலாக இருப்பது அவர்களுக்கு அன்று ஆட்டின் தோலும் நிழலுமாக ஆனது. இந்த அலகில் அறிவியலை எடுத்துவிட்டால் ஆடு திரையில் நிற்காது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆட்டுத் தோலுக்கு எங்கே போவது? வடை மடித்த தாளில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் பளிச்சென்று தெரியும் என்றாள் ஒரு பிள்ளை. தாளின் நார்களுக்கு நடுவே இருக்கும் காற்று வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. அந்த இடத்தை எண்ணெய் நிரப்பினால் சிதறல் குறைந்து வெளிச்சம் ஊடுருவி வருகிறது. செய்முறையில் வரிசை முக்கியம். முதலில் தாளில் வரைந்து தண்ணீர் மை ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்ட வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் தேங்காய் எண்ணெயைப் பஞ்சால் தடவி, மிச்சத்தைத் துடைத்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவே ஓர் இரவு வைக்க வேண்டும். எண்ணெய் தடவியபின் பசையும் ஒட்டாது, டேப்பும் ஒட்டாது. அதனால் மூட்டுகளை நூலால் முடிச்சுப் போட்டுத்தான் சேர்க்க வேண்டும். முடிச்சு இறுகினால் கழுத்து திரும்பாது, தளர்ந்தால் தலை தொங்கும். எங்கே துளை போட்டால் ஆடு குனிந்து புல் மேயும் என்பதைப் பழைய அட்டையில் செய்துபார்த்த பிறகுதான் நல்ல தாளை வெட்டவிட்டேன். பிடிப்பதற்கு ஈர்க்குச்சி. சுருங்கும் நிழலுக்கு அட்டையைப் பட்டை பட்டையாக வெட்டி ஒன்றின்கீழ் ஒன்று நுழையும்படி ஒரு குழு செய்தது. மேலும் கீழும் இரண்டு குச்சி, தள்ளினால் நிழல் குட்டையாகிவிடும். இதெல்லாம் தொழில்நுட்பம்தான், மின்சாரம் வேண்டாத தொழில்நுட்பம்.

வசனம் எழுதும்போது எங்கள் வகுப்பில் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அரும்பு நிலைப் பிள்ளைகளும் உண்டு, வகுப்புக்கேற்பப் படிக்கும் மலர் நிலைப் பிள்ளைகளும் உண்டு. எல்லோரையும் முதலில் பேசவைத்துக் கைக்கணினியில் பதிவு செய்தேன். பிறகு தம் குரலைத் தாமே நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதினார்கள். தான் சொன்ன வார்த்தை என்பதால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் அடுத்து என்ன வரும் என்று தெரியும். ஆடு பேசுவது எங்கள் ஊர்ப் பேச்சு, கதை சொல்கிறவர் பேசுவது எழுத்துத் தமிழ் என்று பிரித்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் எங்கே வேறுபாடு என்று பேசுவதற்கு அதைவிட நல்ல இலக்கண வகுப்பு அமையாது.

ஆகஸ்ட் கடைசியில் நண்பகல் 12.15 முதலே கம்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நாளுக்கு ஒரு எச்சரிக்கை: சூரியன் தலைக்கு மேல் வருகிறது என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். கண்ணைத் தரையைவிட்டு எடுக்கக் கூடாது என்பதை முந்தின வாரத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சமையலம்மா, பக்கத்து வகுப்பு டீச்சர், பால் கொண்டுவந்த அண்ணன் எல்லோரும் வந்து நின்றார்கள். 12.19 சுமாருக்குக் கம்புக்கு நிழலில்லை. அன்று மாலையே கூத்து.

எழுதிவைத்த தாள்

இத்தனைக்கும் நான் வைத்திருந்த திட்டம் ஒரே ஒரு முழுத்தாள்தான். அதை நடுவில் மடித்து இடப்பக்கம் கூத்துக்கு என்ன வேண்டும் என்று எழுதினேன்: கலரான ஆடு, கறுப்பு நிழல், பெரிதாகும் மரம், கூர்மையான விளிம்பு, வசனம், திரை. வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேரே, அதற்குப் பிள்ளைகளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அது எந்தப் பாடநூலில் எந்தப் பாடத்தில் வருகிறது, எந்தக் கற்றல் விளைவு என்று எழுதினேன். வலப்பக்கம் காலியாக நின்ற வரிகளை அடித்தேன். மேடை அலங்காரத் தோரணம் அப்படி அடிபட்டது. புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் இடப்பக்கத்தில் எதற்கும் தேவைப்படவில்லை என்ற பாடங்களை இந்த அலகுக்குள் திணிக்கவில்லை. அவற்றைத் தனியாக, வழக்கம்போல் நடத்தினேன். எல்லாப் பாடத்தையும் ஒரு தலைப்புக்குள் இழுத்துப்போட வேண்டும் என்ற ஆசைதான் பல நல்ல அலகுகளைக் கெடுக்கிறது. சமூக அறிவியலில் நிழலுக்கு என்ன சம்பந்தம் என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, வாரத்துக்கு நான்கு பாடவேளைக்கு மேல் எடுக்காமல் பார்த்துக்கொண்டேன். அவற்றில் இரண்டு அடுத்தடுத்து வர வேண்டும். 40 நிமிடத்தில் திரையைக் கட்டி அவிழ்ப்பதற்கே பாதி போய்விடும். செய்யும் வேலைக்குப் போதுமான நேரம் கிடைக்கவில்லையென்றால் பிள்ளைகள் ஆசிரியர் சொன்னதை அப்படியே செய்து முடித்துவிடுவார்கள், யோசிக்க மாட்டார்கள்.

பார்வைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இது எந்தப் பாடம் என்பதாகத்தான் இருக்கும். அந்த முழுத்தாள் அப்போது கைகொடுக்கும். பாடக்குறிப்பேட்டிலும் பாடவாரியாகப் பக்க எண்ணோடு எழுதிவைத்திருந்தேன். இன்னும் நல்ல பதில் பிள்ளைகளிடம் இருக்கிறது. வருகிறவரை ஒரு குழுவோடு உட்காரவைத்து, “இந்த மரம் திரையில பெருசாகணும்னா என்ன செய்வீங்க?” என்று கேட்கச் சொல்லுங்கள்.

மதிப்பீடும் அப்படித்தான். அலங்காரமாக இருக்கும் பாவைக்கு அதிக மதிப்பெண் போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. கை நேர்த்தி உள்ள பிள்ளைக்கு ஒளி புரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் பாவையைத் தனியாகவும் புரிதலைத் தனியாகவும் பார்த்தேன். புளியமரப் படத்தை மறுபடி வரையச் சொன்னேன், பழைய தாளைப் பக்கத்தில் வைத்து என்ன மாற்றினாய், ஏன் என்று ஒவ்வொருவரையும் பேசவைத்தேன். நண்பகல் நிழலைத் தெற்கே குட்டையாக வரைந்துவிட்டு, “டிசம்பர்ல வரைஞ்சா இந்தப் பக்கம் டீச்சர்” என்று வடக்கே கை காட்டிய பிள்ளையிடம் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. சூரியனும் நிழலும் ஒரே பக்கம் என்பதிலேயே இன்னும் நின்ற சிலரும் இருந்தார்கள். அவர்களை டார்ச்சும் அழிப்பானும் கொடுத்து மேசையில் உட்காரவைத்தேன். வெயிலில் கம்போடு நின்றபோது வராத தெளிவு, விளக்கைத் தன் கையால் நகர்த்தும்போது அவர்களில் பலருக்கு வந்தது. ஆகவே அடுத்த தடவை டார்ச் வேலையைக் கம்புக்கு முன்னால் வைக்கப்போகிறேன்.

இரண்டாம் பருவத்துக்கு மழையை எடுத்திருக்கிறேன். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை. இந்த மழை நம் கண்மாய்க்குப் போதுமா என்பது கேள்வி. நேர்ச் சுவருள்ள ஒரு டப்பாவும் அளவுகோலும் இருந்தால் மழைமானி ஆயிற்று. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பதைப் பிடித்துக்கொண்டால் பள்ளிக் கூரையில் விழுந்தது எத்தனை குடம் என்பதுவரை பிள்ளைகளே போய்விடுவார்கள். வலப்பக்கம் நன்றாகவே நிறைந்திருக்கிறது. இடப்பக்கத்தில் பாட்டு வரப்போகிறதா, தெருக்கூத்து வரப்போகிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை. கண்மாய்க்கு ஒரு நாள் பிள்ளைகளோடு நடந்து போய் மடையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவர்களிடமே கேட்கலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.